அழகு கிரீமும் கசியும் சிறுநீரகமும்

காலையில் வீங்கும் கண்களையும் நுரைக்கும் சிறுநீரையும் பலரும் பொருட்படுத்துவதில்லை

கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக மருத்துவர்கள் தேடிக் கண்டுபிடித்த குற்றவாளி, ஒரு சின்ன கிரீம் டப்பா. கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு மெம்பிரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரகக் கோளாறு இருந்தது தெரியவந்தது. அவர்களில் 15 பேருக்கு, அபூர்வமாகவே காணப்படும் 'நெல்-1' வகை. இந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். வில்லன், கிரீமில் இருந்த பாதரசம். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. சில நாட்டு மருந்துகளுக்கும் இதே வகைக் கோளாறுக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் 2022லேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

இவர்களைப் படுத்தியது நெஃப்ராடிக் சிண்ட்ரோம். இது ஒரே நோயல்ல. பல நோய்களின் பொது முகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. அவை பழுதானால் ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் புரதம் சிறுநீரில் ஒழுகிவிடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனால் நெஃப்ராடிக் அளவு. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, நீர் திசுக்களில் தேங்குகிறது. கொலஸ்ட்ரால் எகிறுகிறது. தொற்று எளிதில் தாக்குகிறது. ரத்தம் உறைந்து கால் நரம்பை அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

குழந்தைகள் கதை வேறு. இரண்டு முதல் ஆறு வயதுக்குள்தான் அதிகம். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம். மாலைக்குள் அது வடிந்து கணுக்காலில் இறங்கிவிடும். அலர்ஜி என்று மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். பேரன் சதை போட்டுவிட்டான் என்று பூரிக்கும் பாட்டிகளும் உண்டு. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையே குட்டை உடைத்துவிடும். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் 1827 வாக்கில் செய்தது இன்னும் எளிது: ஸ்பூனில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்தியில் சூடு காட்டினார். புரதம் இருந்தால் முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரண்டது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது 'மினிமல் சேஞ்ச்' வகை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறுநீரகத்தில் ஏறக்குறைய எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் அந்தப் பெயர். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுக்குப் பெரும்பாலான குழந்தைகளிடம் சில வாரங்களில் பலன் தெரியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நோய் திரும்பத் திரும்ப வரும். முகம் உப்புகிறது, ரோமம் வளர்கிறது என்று பெற்றோர் பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சில மாதங்களாக ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பு, தானே சுரப்பதைக் குறைத்திருக்கும்.

பெரியவர்களிடம் முக்கியமான காரணம் சர்க்கரை நோய். லூபஸ், ஹெபடைடிஸ் பி, சில வலி நிவாரணிகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. எது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது என்பதால் பலருக்கு பயாப்ஸி தேவைப்படுகிறது. ஊசி குத்திச் சதைத் துணுக்கை எடுப்பதற்குப் பயந்து ஓடுபவர்கள் ஏராளம். மெம்பிரனஸ் வகைக்கு மட்டும் ஒரு சலுகை: 2009ல் கண்டறியப்பட்ட ஆன்டிபாடி ரத்தத்தில் தென்பட்டால் சிலருக்கு ஊசியைத் தவிர்க்கலாம்.

குழந்தை தேறிய பிறகும் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். காலைச் சிறுநீரில் பட்டையை நனைத்து, நிறம் பார்த்துக் குறித்து வர வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் காட்டினால், கண் வீங்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.