ஆகாயத்தின் ஐந்தொகை

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரை ஒட்டிக் காலடிப்பேட்டை இருக்கிறது. எந்த மகானுடைய காலடி என்று ஆராயப் புகுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோஸப் காலெட் என்னும் ஆங்கிலேயர் நெசவாளருக்காக ஏற்படுத்திய பேட்டை அது. காலெட், ஜனங்களின் வாயில் காலடியாகிவிட்டார்! இன்று அவ்வூருக்குத் தெற்கே துறைமுகம், மேற்கே மணலி எண்ணெய் ஆலை, வடக்கே எண்ணூர்ப் பக்கத்து அனல் மின்சார நிலையங்கள்.

அங்கே எழும் புகை கண்ணுக்குத் தெரிகிறது. அதனோடு வெளிவரும் கரியமில வாயுவுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. எரித்த நிலக்கரியின் கணக்கைப் பார்த்தால் வாயுவின் அளவு தெரியாதா எனலாம். ஆலைகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் காடும் வயலும் கடலும் ரசீது கொடுப்பதில்லை. நெற்பயிர் வளரும்போது அவ்வாயுவை உட்கொள்கிறது. வைக்கோல் மட்கும்போது திருப்பி விடுகிறது. ஆகவே விஞ்ஞானிகள் காற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றினர்.

1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. இது உலகத்தின் மொத்தக் கணக்கு. ஒரு பிரதேசத்தின் பற்றுவரவை அறிவது எப்படி?

காற்று அப்பிரதேசத்துள் நுழையும்போது வாயு எவ்வளவு, வெளியேறும்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சொல்லுவதற்கு எளிது. காலடிப்பேட்டையிலோ பிற்பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. அன்றியும், இரவில் தரையருகே காற்று கலவாமல் தேங்குவதால், புகைபோக்கி அதே அளவு கக்கினாலும் வாயு மிகுந்து தோன்றும். பகல் வெயிலில் அது உயரக் கலந்து நீர்த்துவிடும். ஆதலால் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் முதலில் ஓர் உத்தேச அளவை வைத்து, காற்றோட்டத்தைக் கணிப்பொறியில் ஓட்டி, அளவை நிலையங்களில் கண்டதோடு பொருந்தும்வரை உத்தேசத்தைத் திருத்துகிறார்கள். சாம்பாரை நாவிலிட்டு எத்தனை கரண்டி உப்பு விழுந்தது என்று சொல்லும் பாட்டிமாரின் வித்தை இதுவே.

ருசி பார்க்க நம் நாட்டில் நாக்குகள் குறைவு. கோவாவின் ராமா முனையில் 1993 முதல் கண்ணாடிக் குடுவைகளில் காற்றுப் பிடித்தனர். 2002-க்குப் பின் சில ஆண்டுகள் அது நின்றுபோயிற்று. பின்னர் லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் பிரெஞ்சு விஞ்ஞானிகளின் கூட்டுறவோடு வேலை நடந்தது.

இவற்றினும் ருசிகரமானது சென்னைக்கு வந்த விமானத்தின் கதை. 2008-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுக்கும் சென்னைக்கும் பறந்த லுப்தான்ஸா பிரயாணி விமானமொன்றின் சாமான் அறையில் கருவிகள் நிரம்பிய பெட்டி ஒன்றும் பிரயாணம் செய்தது. பிரயாணிகள் உறங்க, அது பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் காற்றை முகர்ந்துகொண்டே வந்தது. அவ்வளவு உயரத்தில் நம் வயல்களின் செய்தி எப்படிக் கிட்டும்? தென்மேற்குப் பருவக்காற்றின் இடிமேகங்கள் தரைக்காற்றை அங்கே தூக்கிச் செல்கின்றனவே!

அவ்வளவுகளைக் கொண்டு, ஜப்பானில் பணிபுரிந்த பிரபீர் பத்ராவும் அவர் கூட்டாளிகளும் உலகை 64 பிரதேசங்களாகப் பகுத்துக் கணக்கிட்டு 2011-ல் வெளியிட்டனர். ஆலை, வண்டிகளின் புகையைத் தனியே ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தெற்காசிய நிலம் 2007, 2008-ல் ஆண்டுக்கு 37 கோடி டன் கரியை உட்கொண்டதாம். ஏற்றத்தாழ்வு 20 கோடி. இன்னும் பல கணக்குகளைச் சேர்த்து 2013-ல் பார்த்தபோது, காற்றளவைகளின்படி உட்கொண்டது சுமார் 10 கோடி. ஏற்றத்தாழ்வோ 15 கோடி! விடையைக் காட்டிலும் பிழை பெரிது. பரீட்சைத்தாளில் ஒரு பையன் இப்படி எழுதினால் மார்க்கு உண்டா? நாமாயின் கொடுப்போம், பிழையின் அளவை மறைக்காமல் எழுதினானே!

ஆயினும் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு தேசமும் தன் கணக்கைச் சபையில் வைத்தாக வேண்டும். அதைச் சரிபார்க்க நம்மிடம் சொந்தத் தராசு இல்லையேல், பிறர் நிறுத்துச் சொன்னதை நாம் ஒப்ப வேண்டியதுதான்.

காலடிப்பேட்டைக்கும் இவ்வித்தை உதவும். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்தவை. 5,730 ஆண்டுக்கொரு முறை பாதியாகத் தேயும் கரி-14 என்ற வகை அவற்றில் அறவே இராது. ஆகவே கடற்கரைக் காற்றில் கரி-14 குறைந்த அளவைக்கொண்டு, மரஞ்செடிகளின் மூச்சு இவ்வளவு, புகைபோக்கியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துவிடலாம். எண்ணூர்ப் புகைபோக்கியா, மணலிப் புகைபோக்கியா என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு ஊரைச் சுற்றிப் பல கம்பங்களில் கருவிகள் பொருத்தி, மணிக்கு மணி காற்றின் திசையையும் குறிக்க வேண்டும். அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரைச் சுற்றி அவ்வாறே செய்து பார்த்திருக்கிறார்கள்.