சடைச்சி மேரி

கவச ரயில் என்பது தண்டவாளத்தின்மேல் ஓடும் கோட்டை அல்லவா, அதைவிடப் பத்திரமான வாகனம் யுத்தத்தில் வேறு உண்டோ என்று வாசக நண்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கோட்டைதான், சந்தேகமில்லை, ஆனால் தான் வரும் வழியையும் திரும்பும் வழியையும் பகைவனுக்கு முன்கூட்டியே இரண்டு இரும்புக் கோடுகளாகப் போட்டுக் காட்டிவிட்டுப் புறப்படுகிற கோட்டை.

1899-இல் தென்னாப்பிரிக்காவில் மூண்ட போயர் யுத்தத்தில், நேட்டால் பிரதேசத்து ஆங்கிலேயர் இவ்வண்டிகளை வேவு பார்க்க அனுப்பினார்கள். பக்கங்களில் இரும்புத் தகடு, அதில் துப்பாக்கி நீட்டத் துவாரங்கள், மேலே கூரை கிடையாது. முதல் மோதலை மற்ற வண்டிகள் தாங்கட்டும் என்று என்ஜினை நடுவில் கோத்திருந்தார்கள்.

அந்த என்ஜின்களில் என் மனத்தை நெடுநாளாகக் கவர்ந்தது ஒன்று உண்டு. கப்பல் கட்டும் பருத்த வடங்களை உச்சியிலிருந்து சக்கரம்வரை நெருக்கமாகத் தொங்கவிட்டு அதை மூடியிருந்தார்கள். சிப்பாய்கள் இட்ட பெயர் 'ஹேரி மேரி', நம் வழக்கில் சடைச்சி மேரி. கயிறு தோட்டாவைத் தடுக்குமா என்று நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எங்கள் ஊர்த் தேருக்குப் புதுவடம் வந்த வருஷம், பழையதைத் துண்டுபோட வந்த ஆசாரியின் அரிவாள் ஒவ்வொரு வீச்சிலும் நாருக்குள் புதைந்து வேகமிழந்ததை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் கவசம் எதுவாயினும் தண்டவாளத்தில் கிடக்கும் கல்லை என்ன செய்யும்? 1899 நவம்பர் 15-ஆம் தேதி, சீவ்லியிலிருந்து திரும்பிய கவச ரயில் ஒன்று, போயர்கள் குன்றிலிருந்து சுட, சரிவில் விரைந்திறங்கி, அவர்கள் பாதையில் போட்டிருந்த கற்களில் மோதித் தடம் புரண்டது. நடுவிலிருந்த என்ஜின் மட்டும் தப்பியது. குண்டுச் சிதறல் பட்டுத் தலையில் ரத்தம் வழிய இறங்கிவிட்ட ஓட்டுநர் சார்லஸ் வாக்னர், பத்திரிகை நிருபராக உடன்வந்த வின்ஸ்டன் சர்ச்சில் தேற்ற, மீண்டும் ஏறி, வழியை மறித்துக் கிடந்த வண்டியை ஒரு மணி நேரத்துக்கு மேலாக முட்டி முட்டித் தள்ளி, காயம்பட்டவர்களை என்ஜினில் சுமந்துகொண்டு வெளியேறினார்.

அன்று சர்ச்சில் போயர்களிடம் சிறைப்பட்டதையும் பின்னர் தப்பியதையும் உலகமே படித்துக் களித்தது. சரித்திரம் எழுதுவோர்க்கு ஓட்டுநர் என்றால் எப்போதும் கரிப்புகைக்குப் பின்னால் நிற்கும் நிழல்தான். வாக்னருக்கும் அவருடைய பயர்மேன் ஸ்டுவர்ட்டுக்கும் ஆல்பர்ட் பதக்கம் கிடைத்தது 1910-இல், சர்ச்சில் உள்நாட்டு மந்திரியான பிறகு.