32 வீடுகளுக்கு ஒரு வசனம்

சாக்ஸனி நாட்டின் கிழக்கோரத்தில், மொராவியாவிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த எளிய ஜனங்கள் 1722-ஆம் ஆண்டு காடு திருத்திக் குடியேறிய ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில், 1728 மே மாதம் 3-ஆம் தேதி மாலைப் பாட்டுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் தறுவாயில், அவர்களுக்குத் தம் நிலத்தில் இடம் தந்து ஆதரித்த ஸின்ஸெண்டார்ஃப் பிரபு, மறுநாள் பொழுது முழுவதும் நெஞ்சில் வைத்துக்கொள்ளும்படி அன்பைக் குறித்த ஒரு சிறு பாட்டடியைச் சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அதிலிருந்து அது நித்திய வழக்கமாயிற்று. அப்போது ஊரில் இருந்தவை 32 வீடுகளே. காலைதோறும் சபையார் ஒருவர் அவ்வளவு வாசல்களிலும் ஏறி இறங்கி அன்றைய வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவார். தச்சனுக்கும் நெசவாளிக்கும், பிரசவித்துப் படுத்திருப்பவளுக்கும், அண்டை வீட்டானோடு மனஸ்தாபம் கொண்டு கதவை அடைத்திருப்பவனுக்கும் அன்றைக்கு ஒரே வார்த்தைதான்.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘லோசுங்’ என்பது. பாசறையில் இரவுக் காவலுக்கு நிற்கும் சேவகர்களுக்குத் தலைவன் கொடுக்கும் சங்கேதச் சொல்லுக்கு ஜெர்மானிய மொழியில் அதுதான் பெயர். சங்கேதச் சொல்லின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்த்தால், பிரபு இந்தப் பெயரைத் தேர்ந்ததில் உள்ள சூட்சுமம் விளங்கும். அதைக் காவலன் தானே புனைந்துகொள்வதில்லை, மேலிருந்து வருகிறது. அதன் பொருள் அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நேற்றைய சொல்லை இன்றைக்குச் சொன்னால் செல்லாது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குப் பெய்த மன்னாவை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்கள் புழு நெளியக் கண்டார்கள் என்று யாத்திராகமம் சொல்லும் கதையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

1731-ஆம் ஆண்டுக்குரிய வசனங்கள் முதன்முறையாகப் புத்தகமாக அச்சாயின. அது முதல் இன்றுவரை, போர்க்காலங்களிலுங்கூட, ஓர் ஆண்டும் தவறாமல் அந்தச் சிறு நூல் வெளிவருகிறது. இப்போது 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. வசனம் தெரிந்தெடுக்கப்படும் முறை விசித்திரமானது. பழைய ஏற்பாட்டிலிருந்து பொறுக்கிய சுமார் 1,800 வசனங்களைச் சீட்டுகளாக ஒரு கிண்ணத்தில் இட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பாகவே, நாளுக்கு ஒன்றாக ஹெர்ன்ஹூட்டில் குலுக்கி எடுக்கிறார்கள். பிறகு அதற்கு இசைவான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை மனிதர் ஆராய்ந்து சேர்க்கிறார்கள். மூன்றாவதாக ஒரு ஜெபமோ கீர்த்தனையோ அமைகிறது. முதலாவது தானாக வந்தது, இரண்டாவது தேடிக் கண்டது, மூன்றாவது இவ்விரண்டுக்கும் மனிதன் சொல்லும் மறுமொழி என்ற இந்த வரிசை, நெடுநாள் ஜெபித்துப் பழகிய கை வகுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸின்ஸெண்டார்ஃப் ஹாலே நகரத்தில் பள்ளி மாணாக்கனாக இருந்த காலத்தில், பிராங்கே ஆசிரியரின் சாப்பாட்டு மேஜையில் கேட்ட சமாசாரங்களில், தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அவருடைய தோழர்களும் செய்துவந்த ஊழியத்தைப் பற்றியவையும் இருந்தன. பின்னாளில் அவருடைய சபையாரே 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாற்றுக்கு அருகே ‘சகோதரர் தோட்டம்’ அமைத்து, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்தும் 1803 வரை அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளில் துணிமணிகளுக்கு நடுவே அந்தச் சிறு நூலும் இருந்திருக்கும் என்று எண்ணுவது பிழையாகாது.

‘சீட்டெடுத்து வேதம் பார்ப்பதா? இதற்கும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் என்ன பேதம்?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சைவர்கள் திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்ப்பதுண்டு. பிள்ளையில்லாத அச்சுத களப்பாளருக்கு அவருடைய குருநாதர் அவ்விதம் பார்த்தபோது திருவெண்காட்டுப் பதிகம் வந்ததென்றும், அவ்வழியே மெய்கண்டார் பிறந்தாரென்றும் சொல்வார்கள். மேல்நாட்டிலும் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்த்தவர்கள் ஏராளம். மொராவியச் சகோதரர்களோ இதில் எல்லை கடந்தே போனார்கள். கலியாணம் ஆகுமா, இன்னாரை ஊழியத்துக்கு அனுப்பலாமா என்பதற்கெல்லாம் சீட்டுப் போட்டார்கள்; அதனால் மனம் நொந்தவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். ஆனால் அன்றாட வசனத்துக்குரிய சீட்டை மட்டும் விடவில்லை. காரணம், அது ‘ஆகுமா, ஆகாதா’ என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை. கேள்வி கேட்காதவனுக்கும் அது வருகிறது.

டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் நம் ஊர்ச் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாம்பாளத்தில் சுருட்டி வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்து, முந்தானையில் முடிந்துகொண்டு போகும் பாட்டியின் முகத்தில் தோன்றும் திருப்தியைக் கண்டவர்கள் அந்த வழக்கத்தைப் பரிகசிக்கத் துணியமாட்டார்கள். எனக்குள்ள மனக்குறை வேறு. அந்தத் தாம்பாளத்தில் ஆசீர்வாதம் இருக்கும், பெருக்கம் இருக்கும், சத்துருவின் தோல்வி இருக்கும். ஆமோஸ் தீர்க்கதரிசி மட்டும் இருக்கமாட்டார். ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்களைக் கண்டிக்கும் அந்த வாக்கியத்தை யார்தான் புத்தாண்டு இரவில் அட்டையில் அச்சடிப்பார்கள்? ஆனால் நம்மை ஒருநாளும் மறுத்துப் பேசாத புத்தகம் நமக்கு எப்படி வழிகாட்டும்? கோபித்துக்கொள்ளும் உரிமை இல்லாத ஆசானிடம் யாரும் பாடம் கற்றதில்லை.

இப்படி மறுத்துப் பேசும் வசனத்துக்குச் செவிகொடுத்தவருக்கு உதாரணமாக நான் எண்ணுவது டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் ஜெர்மானியப் போதகரை. ஹிட்லரின் ஆட்சிக்குப் பணியாத சபைக்காக அவர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டேயில் குருமாணவர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். அங்கே காலைதோறும் அரைமணி நேரம், ஒரே சிறு வேதபாகத்தை ஒரு வாரம் முழுவதும் மௌனமாய்த் தியானிக்க வேண்டும் என்பது விதி. மாணவர்கள் திகைத்துப் போனார்கள். சிலர் தூங்கினார்கள், சிலர் புகைபிடித்தார்கள், சிலருடைய மனம் ஊர் சுற்றியது. அவரோ விதியைத் தளர்த்தவில்லை.

1939 ஜூன் மாதம், யுத்தம் மூளும் என்று தெரிந்து, நண்பர்களின் முயற்சியால் அவர் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். உயிருக்குப் பயமில்லை, கௌரவமான வேலை காத்திருந்தது, எனினும் உறக்கம் இல்லை. 20-ஆம் தேதி அந்த வேலையை மறுத்துவிட்டு அறைக்குத் திரும்பியவர், தம் உள்நோக்கம் என்னவென்று தமக்கே தெளிவாகவில்லை என்றும், அன்றைய லோசுங் வசனமோ கையூட்டுக்கு மசியாத தெய்வ நியாயத்தீர்ப்பைப் பற்றி மிகக் கடுமையாய்ப் பேசுகிறதென்றும் தினக்குறிப்பில் எழுதினார். செய்த முடிவுக்குத் தட்டிக்கொடுத்த வசனம் அன்று. முடிவு செய்தவனின் நெஞ்சையே சோதித்த வசனம். 26-ஆம் தேதி வாசிப்பில், சிறையிலிருந்த பவுல் மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி தீமோத்தேயுவை அழைக்கும் இடம் எதிர்ப்பட்டது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய சொந்தக் காகிதத்தின் கடைசிப் பகுதி அது. அதனைத் தமக்கே சொல்லியதாகக் கொள்வது வேதத்தைத் துஷ்பிரயோகம் செய்வதாகாது என்று போன்ஹோஃபர் குறித்துக்கொண்டார். ஜூலை 7-ஆம் தேதி இரவு கப்பல் ஏறிவிட்டார். முடிவு முன்னரே செய்தது. வசனம் அதோடு வழித்துணையாக வந்தது. இந்த முன்பின்னை நாம் கவனியாவிட்டால், கதை பூக்கட்டிப் பார்த்த கதையாகவே போய்விடும்.

இவ்வளவு பற்று வைத்திருந்தவரே, அந்த ஆண்டு வெளியான தம்முடைய ‘கூடிவாழும் வாழ்வு’ என்னும் நூலில், நாளொரு வசனம் முழு வேதவாசிப்புக்கு ஈடாகாது என்று ஆணித்தரமாய் எழுதினார் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். வேதம் தனித்தனி வாக்கியங்களின் குவியல் அன்று, ஒரு முழுமை. அதிகாரம் அதிகாரமாகத் தொடர்ந்து படித்தால்தான் அது விளங்கும் என்பது அவர் கட்சி. அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. சங்கீதங்கள் 150-ஐயும் பலமுறை ஓதியவன் காதில் ஒரே அடி விழுந்தால் அதன் பின்னே சங்கீதம் முழுவதும் எழுந்து வரும். ஓதாதவனுக்கு அந்த அடி நாட்காட்டித் தாளோடு கிழிந்து போகும்.

1943 ஏப்ரலில் கைதாகி டேகல் சிறையில் இருந்தபோதும் லோசுங் நூல் அவரோடு இருந்தது. ஹிட்லரைக் கொல்ல வைத்த வெடி பொய்த்துப்போன நாள் 1944 ஜூலை 20. அன்றைக்கென்று நூலில் இருந்த வசனம், இரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களைப் பற்றிய 20-ஆம் சங்கீதத்தின் வாக்கியம். மறுநாளுக்குரியது மேய்ப்பனைப் பாடும் 23-ஆம் சங்கீதம். அந்தச் சதியில் தொடர்புடையவராதலால் தம் கழுத்துக்குக் கயிறு திரிக்கப்படுகிறதென்று அறிந்திருந்த அந்த மனிதர், 21-ஆம் தேதி தம் சிநேகிதருக்கு எழுதிய காகிதத்தில், நேற்றும் இன்றும் வந்த வசனங்களில் தாம் விசேஷமாய் மகிழ்வதாக எழுதினார். தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையை அவருக்கு அவை தந்ததாகக் கடிதத்தில் குறிப்பில்லை.

1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. பவேரியாவில் ஷோன்பெர்க் என்ற கிராமத்தின் பள்ளிக்கூடத்தில் அடைபட்டிருந்த கைதிகள், ஆராதனை நடத்தும்படி போன்ஹோஃபரைக் கேட்டார்கள். அவர் தயங்கினார், பெரும்பாலோர் கத்தோலிக்கர், கொக்கோரின் என்னும் ருஷியரோ நாஸ்திகர். எல்லோர் மனத்தையும் அறிந்து, கொக்கோரினும் சரியென்ற பிறகே எழுந்து, அன்றைக்குரிய இரு வசனங்களையும், அதாவது காயங்களினால் வரும் குணத்தைப் பற்றிய ஏசாயாவின் வாக்கியத்தையும், உயிருள்ள நம்பிக்கையைப் பற்றிய பேதுருவின் வாக்கியத்தையும் வாசித்து, அவற்றின் பொருளைச் சொல்லி ஜெபித்தார். பக்கத்து அறைக் கைதிகள், தங்களுக்கும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமென்று அவரை எப்படியாவது அங்கே அழைத்துக்கொள்ள யோசித்துக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தது. இரண்டு பேர் உள்ளே வந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.