ரயில் போன வழி

கொல்கத்தாவின் தெற்குப் பக்கத்தில் பெஹாலா என்ற பகுதி இருக்கிறது. அங்கே இரண்டு பெரிய சாலைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று டைமண்ட் ஹார்பர் சாலை. மற்றொன்று ஜேம்ஸ் லாங் சரணி. சரணி என்றால் சாலை.

இன்று ஜேம்ஸ் லாங் சரணியில் ஆட்டோ ஓடுகிறது. ஒரு காலத்தில் அதே வழியில் ரயில் ஓடியது!

அது என்ன ரயில்?

அதன் பெயர் காளிகாட் - ஃபால்டா ரயில். மெக்லியாட் என்ற கம்பெனி அதை நடத்தியது. 1917-ல் ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்தில் மாஜேர்ஹாட் பக்கம் புறப்படும். ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஃபால்டா வரை போகும். தூரம் சுமார் 43 கிலோமீட்டர்.

அது சின்ன ரயில். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான் அகலம். இன்றைய அகலப் பாதையில் அது ஐந்தரை அடி.

1957-ல் அந்த ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் ரயில் போன வழி அப்படியே கிடந்தது. நகரத்துப் பகுதியில் அதன் மேல் சாலை போட்டார்கள். அதுதான் ஜேம்ஸ் லாங் சரணி.

யார் இந்த ஜேம்ஸ் லாங்?

அவர் ஒரு பாதிரியார். வங்காள விவசாயிகளை அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்கார முதலாளிகள் கொடுமைப்படுத்தினார்கள். அந்தக் கொடுமையைச் சொன்ன நாடகம் 'நீல் தர்ப்பண்'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லாங் வெளியிட்டார். அதற்காக 1861-ல் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. ஏழைகளுக்காகச் சிறை சென்றவரின் பெயர் இன்று அந்தச் சாலைக்கு இருக்கிறது.

பழைய ரயில் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாட்டில் இப்படி நின்றுபோன ரயில் பாதைகள் பல உண்டு. புல் மூடிக் கிடந்தாலும் அடையாளம் தெரியும்.

1. வழி நேராகப் போகும். ரயில் சட்டென்று திரும்ப முடியாது. அதனால் வளைவு வந்தாலும் அது பெரிய வளைவாக இருக்கும்.

2. ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் ஓடுகிறது. ஏற்றம் அதிகமானால் சக்கரம் வழுக்கும். அதனால் மேட்டை வெட்டியும், பள்ளத்தில் மண் கொட்டிக் கரை கட்டியும் பாதை போட்டார்கள்.

3. கரையின் ஓரத்தில் வரிசையாகக் குட்டைகள் இருக்கலாம். கரைக்கு மண் எடுத்த பள்ளங்கள் அவை.

4. ஓடையின் குறுக்கே பழைய செங்கல் பாலமோ, வெறும் தூண்களோ நிற்கலாம்.

5. ரயில் இல்லாத ஊரிலும் 'ஸ்டேஷன் ரோடு' என்ற பெயர் இருக்கலாம். முதியவர்களைக் கேட்டால் காரணம் தெரியும்.

இத்தகைய வழி நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் நல்லது. ஏற்றம் இல்லை. மேடான கரை என்பதால் மழையிலும் தண்ணீர் எளிதில் தேங்காது.

கவனம் தேவை

தண்டவாளம் இருந்தால் அதில் நடக்கக் கூடாது. ரயில் வராது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ரயில்வே இடத்தில் அனுமதி இல்லாமல் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். பழைய பாலத்தின் மேல் ஏறக் கூடாது. அது இற்றுப்போயிருக்கும். புதரில் பாம்பு இருக்கும்.

இந்த நிலம் யாருடையது?

ரயில் நின்றாலும் வழிக்கு மதிப்பு உண்டு. ஹௌரா - ஆம்தா சின்ன ரயில் 1971-ல் நின்றது. பல ஆண்டுகள் கழித்து ஆம்தாவுக்கு அகலப் பாதை ரயில் வந்தது. நம் தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் ரயில் பாதையை அழித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது.

நின்றுபோன பாதையை ஆளுக்குக் கொஞ்சமாக வளைத்துப் போட்டால் என்ன ஆகும்? நடுவில் ஓர் இடத்தில் வேலி போட்டாலே போதும். வழி முழுவதும் பயன் இல்லாமல் போகும். பள்ளிக்குப் போகும் பிள்ளை சுற்றிப் போக வேண்டும். தலையில் சுமையோடு வருகிற பெண்ணும் சுற்றித்தான் வர வேண்டும். நாளைக்குச் சாலையோ ரயிலோ வேண்டும் என்றால் இடம் இருக்காது.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். எந்த நிலம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். எழுத்தும் எண்ணும் தெரிந்தவர் அதைப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.

உங்கள் பக்கத்தில் ரயில் நின்றுபோன வழி உண்டா? இன்று அதில் யார் நடக்கிறார்கள்? அது திறந்து இருக்கிறதா, அடைபட்டு இருக்கிறதா? கூடிப் பேசுங்கள்.