ஹூக்ளி நதிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம்



பப்ரிஸ்ட் சபையாரைப் பற்றிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நாம் அதிகம் பேசுவதில்லை. கொழும்பில் வாழ்வோர் கின்சி வீதியிலுள்ள கேரி கல்லூரியை அறிந்திருப்பர். 1914ஆம் ஆண்டில் பப்ரிஸ்ட் மிஷனரிமாரால் தொடங்கப்பட்ட பாடசாலை அது. அந்தப் பெயருக்குரியவர் யார் என வினவினால் வில்லியம் கேரி என்பர்; பலருக்கு அதற்கப்பால் சொல்ல எதுவும் இராது. அவரும் அவருடைய தோழர்களும் வங்காளத்தில் நிறுவிய கல்விக்கூடத்தின் கதையோ, தம் பிள்ளைகளைக் கிறிஸ்தவ பாடசாலைகளுக்கு அனுப்பும் பெற்றோர் ஒரு தடவையேனும் அறிந்துகொள்ள வேண்டியதொன்று.

கல்கத்தா நகருக்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் செராம்பூர் அமைந்துள்ளது. தமிழகத்தின் தரங்கம்பாடியைப் போலவே இச்சிற்றூரும் டென்மார்க் மன்னருக்கு உரியதாயிருந்தது. இதைக் குறிப்பிடக் காரணமுண்டு. வணிகத்தையே நோக்காகக் கொண்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மறைப்பணியாளர்களை அனுமதிக்கவில்லை. 1793இல் வங்காளம் வந்தடைந்த கேரி, அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளராகவே அங்கு தங்க முடிந்தது. இங்கிலாந்தில் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவருக்கு அது புதிய தொழில். 1799 ஒக்டோபரில் யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் முதலியோர் குடும்பங்களோடு வந்திறங்கியபோதும் கம்பனி அவர்களை ஏற்க மறுத்தது. செராம்பூரின் டேனிஷ் ஆளுநர் ஒலே பீ அவர்களோ இடமளித்துப் பாதுகாத்தார். 1800 ஜனவரி 10ஆம் நாள் கேரியும் அவர்களோடு இணைந்துகொண்டார்.

புகலிடம் கிடைத்தது, உணவுக்கு வழி என்ன? இங்கிலாந்திலிருந்து வந்த உதவி போதவில்லை. இவ்விடத்தில்தான் யோசுவாவின் துணைவியார் ஹன்னா மார்ஷ்மன் அம்மையார் நம் கவனத்துக்கு வருகிறார். செராம்பூரின் மூவர் எனக் கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகியோரைப் போற்றும் நூல்கள் பல இவ்வம்மையாரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது நீதியன்று. 1800 மே மாதத்தில் கணவனும் மனைவியுமாக ஐரோப்பியப் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். அதில் கிடைத்த கட்டணமே தொடக்க காலத்தில் மிஷனைத் தாங்கிய தூண்களுள் ஒன்று. அடுத்த சில வாரங்களில், வங்காளச் சிறுவர்களுக்கான இலவசப் பாடசாலையும் திறக்கப்பட்டது. வசதி படைத்தோரின் கட்டணத்தில் வறியோரின் பிள்ளைகள் எழுத்தறிந்தனர் என்றும் சொல்லலாம்.

பள்ளிப் பொறுப்போடு பெரியதொரு கூட்டுக் குடும்பத்தின் சமையலறையையும் கணக்கையும் ஹன்னா அம்மையாரே பார்த்துக்கொண்டார். கேரியின் முதல் மனைவி டொரத்தி, ஐந்து வயது மகனைப் பறிகொடுத்தபின் மனநோயால் துன்புற்று 1807இல் இறந்தார். மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்த தந்தை கவனியாது விட்ட பையன்களை நெறிப்படுத்தியவர்களும் ஹன்னா அம்மையாரும் வார்டுமே. கேரியின் பெருமையைப் பேசும்போது இந்த இல்லத்தின் துயரையும் மறைக்காது சொல்வதே நேர்மை.

இன்னுமொன்று. கேரி 1801 முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 500 ரூபா சம்பளத்தில் வங்காள மொழி கற்பித்தார். அச்சம்பளம், அச்சுக்கூடத்தின் வருவாய், பாடசாலைக் கட்டணம் ஆகிய யாவும் ஒரே பொதுநிதியில் சேர்ந்தன. ஒவ்வொரு குடும்பமும் செலவுக்கெனச் சிறுதொகையே பெற்றது. எமது துறவற சபைகள் வாக்குத்தத்தம் கொடுத்துக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. மனைவி மக்களோடு வாழ்ந்தோர் இதை மேற்கொண்டது எளிதாயிருந்திராது.

ஊர்தோறும் பாடசாலை என்பது மார்ஷ்மனின் கனவு. 1816இல் இதுபற்றிய திட்டமொன்றை நூலாக வெளியிட்டார். அந்நாளில் நூல்கள் அரிதானவை. ஆகவே எழுத்துக்களும் எண்களும் அச்சிட்ட தாள்களைச் சுவரில் தொங்கவிட்டனர். புவியியல், வானியல் போன்ற பாடங்களை ஆசிரியர் சொல்ல மாணாக்கர் கேட்டெழுதினர். எழுதி முடித்த ஏடே அவர்களின் பாடநூலாயிற்று. கையெழுத்தும் எழுத்துப்பிழை திருத்தமும் அறிவும் ஒரே முயற்சியில் கைகூடின. மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பித்தனர். இவை எல்லாமே வங்காள மொழியில் நடந்தன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் இத்தகைய பாடசாலைகள் நூற்றைத் தாண்டின.

இவற்றின் சிகரமாக 1818இல் செராம்பூர்க் கல்லூரி பிறந்தது. முதலில் சேர்ந்தோர் 37 பேர். அவர்களுள் 19 பேர் கிறிஸ்தவர், ஏனையோர் கிறிஸ்தவரல்லாதோர். சாதியோ நிறமோ நாடோ எவரையும் தடுக்கலாகாது எனப் பின்னர் 1833இல் வகுக்கப்பட்ட யாப்பு எழுத்திலேயே உறுதிசெய்தது. கிறிஸ்தவ குருத்துவப் பயிற்சிக்கென நிறுவப்பட்ட கல்லூரி, ஏன் சமஸ்கிருதம் கற்பித்து, பிற சமயத்தாரையும் சேர்க்கிறது? இங்கிலாந்திலிருந்த ஆதரவாளர் சிலர் இவ்வாறே முறையிட்டனர். சொந்த நாட்டின் இலக்கியத்தை அறியாதவன் அந்நாட்டு மக்களுக்கு எதைப் போதிப்பான் என்பது கேரியின் எண்ணம். 1830இல் கல்கத்தா வந்த ஸ்கொட்லாந்து மிஷனரி அலெக்சாண்டர் டஃப் ஆங்கிலவழிக் கல்வியையே முன்னிறுத்தினார். 1835இல் அரசும் அவ்வழியே சென்றது. சந்தையில் டஃப் வென்றார். பிள்ளையின் தாய்மொழியைப் பாடசாலை வாயிலிலேயே விட்டுவரச் சொல்லும் இன்றைய போக்கைக் காணும்போது, கேரியின் பக்கம் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

துன்பங்களும் தொடர்ந்தன. 1823இல் வாந்திபேதி வார்டைக் கொண்டுசென்றது. கட்டடங்கள் யாருக்குரியவை, நிருவாகம் யார் கையில் என்ற பிணக்கு முற்றி, 1827இல் செராம்பூர் குழுவினர் இங்கிலாந்திலுள்ள தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தனர். 1830 தொடக்கம் கல்கத்தாவின் பெரும் வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நொடித்துப்போக, அவற்றில் இட்ட பணமும் அழிந்தது. கேரி 1834இலும் மார்ஷ்மன் 1837இலும் கண்மூடினர். ஹன்னா அம்மையார் அதற்குப் பின்னும் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1847இல் இறந்தார்.

பிரிவினை நேர்ந்த அதே 1827இல்தான் மார்ஷ்மன் டென்மார்க் சென்று, ஆறாம் பிரெடரிக் மன்னரிடமிருந்து பட்டமளிக்கும் உரிமைச் சாசனத்தைப் பெற்றிருந்தார். 1845இல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அவ்வுரிமை ஒப்பந்தத்தில் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதைப் பயன்படுத்தப் பொருளும் ஆளும் இல்லை. 1883இல் கலைப்பிரிவே மூடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் உயிர்பெற்றது. சாசனம் கிடைத்து 88 ஆண்டுகள் கழிந்தபின், 1915இல் முதலாவது இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டன.

எமது தீவுக்கும் அந்நதிக்கரைக்கும் தொடர்பு பழையது. 1812இல் கொழும்பில் பப்ரிஸ்ட் பணியைத் தொடங்கிய ஜேம்ஸ் சேட்டர் செராம்பூரிலிருந்து புறப்பட்டவர். இடையில் பர்மாவிலும் பணிசெய்தார். 1963இல் பிலிமத்தலாவையில் பப்ரிஸ்ட், மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகள் ஒன்றுகூடி அமைத்த இலங்கை இறையியல் கல்லூரியும் செராம்பூரோடு இணைக்கப்பட்டது. உங்கள் அயலிலுள்ள மெதடிஸ்த ஆலயத்தின் போதகர் ஒருவரைச் சந்தித்தால், அவரது பட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். டேனிஷ் மன்னரின் அச்சாசனத்தின்கீழ் வழங்கப்பட்டதாயும், தமிழிலேயே கற்றுப் பெற்றதாயும் அது இருக்கக்கூடும்.