மயிரிழையில் தப்பிய விமானங்கள்

மாலையில் பூவிருந்தவல்லியில் நின்று அண்ணாந்து பார்த்தால், மீனம்பாக்கத்தை நாடிவரும் விமானங்களின் விளக்குகளைக் காணலாம். அவை மோதாமல் காப்பவற்றுள் முதன்மையானது, நிலத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் வானொலி வழியே விடுக்கும் சொல். விமானி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். வகுப்பில் ஆசிரியர்கள் பாடத்தைத் திருப்பிச் சொல்லச் செய்வதைப் போன்றதே இது.

சொல்லைக் கேட்டால் மட்டும் போதாது. 1996 நவம்பர் 12 அன்று, அரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே, ஒரு விமானம் தனக்குக் குறித்த 15,000 அடி உயரத்தில் நில்லாது கீழிறங்கிற்று. எதிரே வந்த விமானத்துடன் மோதி, 349 பேர் மாண்டனர்.

சொல் சேராவிடினும் ஆபத்தே. 2022 ஜனவரி 7 அன்று, பெங்களூரின் இணையான இரு ஓடுபாதைகளுள் வடபாதையை மட்டும் பயன்படுத்துவதென முடிவாயிற்று. அச்செய்தி தென்பாதைக் கட்டுப்பாட்டாளரை எட்டவில்லை. இரு பாதைகளிலிருந்தும் இரண்டு விமானங்கள் ஒரே வேளையில் எழும்பி, ஒன்றையொன்று நெருங்கின. ராடார் திரையில் இதைக் கண்ட மற்றொரு கட்டுப்பாட்டாளர், அவற்றை வெவ்வேறு திசைகளில் திருப்பினார். நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன.

ஆனால், அந்நிகழ்ச்சி பணிப்பதிவேட்டில் எழுதப்படவில்லை! பின்னரே அது வெளிப்பட்டு, விசாரணை நடந்தது.

விபத்து நேர்ந்தால் உலகமே காரணம் தேடும். தப்பிவிட்டால் மறக்கவே மனம் விழையும். தவறிய கணக்கை அழித்துவிடும் மாணவன், மறுநாளும் அங்கேயே தவறுவான். தப்பிய பிழையையும் மறைக்காமல் எழுதி வைப்பதே அடுத்த விபத்தைத் தடுக்கும் வழி.