தனியே அட்சரகணிதம் படிக்க எந்த நூல்?

“சேர், கெம்பஸ் கிடைக்கல்ல. வீட்ட இருந்து கணிதம் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்க” என்று காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். அடுத்த படியான அருவ அட்சரகணிதத்துக்கு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கேட்டுத் தெளிய ஆசிரியரும் பக்கத்தில் இல்லை. பொருந்தாத நூல் கையில் வந்தால், ‘எனக்கு மூளை இல்ல’ என்று பிள்ளை கணிதத்தையே விட்டுவிடும். அதனால்தான் தெரிவு முக்கியம்.

முதலில், இது என்ன பாடம்? 820ஆம் ஆண்டளவில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. அவர் தேடியது தெரியாத எண்ணை. அருவ அட்சரகணிதம் தேடுவது செய்கைகளுக்குள் இருக்கும் ஒழுங்கை. சதுரமான ஒரு பாயை எடுங்கள். அதே இடத்தில் பொருந்துமாறு அதைச் சுழற்றவும் புரட்டவும், சும்மா விடுவதையும் சேர்த்து, 8 வழிகளே உண்டு. எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் விளைவு அந்த 8க்குள்தான். செய்ததைப் பழையபடி ஆக்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய தொகுதியைத்தான் ‘குரூப்’ என்கிறார்கள்.

ஜோசப் கலியனின் நூல் இந்தச் சதுரத்திலிருந்தே குரூப்பை அறிமுகப்படுத்துகிறது, உதாரணங்கள் ஏராளம். சார்ள்ஸ் பின்டரின் நூலில் அத்தியாயங்கள் சிறியவை. பயிற்சிகள் கைபிடித்து நடத்தும். தோமஸ் ஜட்சனின் நூலை ஆசிரியரே இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார். காசில்லாத பிள்ளைக்கு அதுவே போதும். 1964இல் வந்த ஹெர்ஸ்டைனின் நூல் அழகானது, ஆனால் பயிற்சிகள் கடினம், இரண்டாவதாக எடுக்கலாம். டம்மிட்–ஃபூட் நூல் 900 பக்கங்களைத் தாண்டும். தேடிப் பார்க்கவே உகந்தது, தொடங்குவதற்கல்ல.

நூலைச் சோதிக்க நான் சொல்லும் வழி இதுதான். ஓர் அத்தியாயம் வாசித்து மூடுங்கள். வரைவிலக்கணங்களை உங்கள் தமிழில் எழுதுங்கள். ஐந்து பயிற்சிகளை விடை பாராமல் செய்யுங்கள். இரண்டு மூன்று வந்தால் அந்த நூல் உங்களுக்குரியது. ஐந்தும் உடனே வந்தால் கொஞ்சம் கடினமானதை எடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் குறை உங்கள் மூளையில் இல்லை. நிறுவல் எழுதும் முறையைச் சில வாரம் பழகிவிட்டு வாருங்கள்.

ஆங்கிலத்துக்கும் பயம் வேண்டாம். இந்நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான். ஒரு கொப்பியில் தமிழோடு எழுதி வைத்தால் சில மாதத்தில் பழகிவிடும். முடிந்தால் இரண்டு பேராகப் படியுங்கள். நிறுவலை மற்றவருக்கு விளங்கப்படுத்தும்போதுதான், எங்கே ஓட்டை இருக்கு எண்டு தெரியும்.